செல்லக்கனி வீடு மிதக்க மறுத்த நாள்

விருதுநகர் மாவட்டத்தில் மிதக்கும் வீடு கட்டினேன் என்று நான் சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் சிரிப்பார். சிரித்து முடிக்கட்டும் என்று நானும் காத்திருப்பேன், பழகிவிட்டது. குடிக்கிற தண்ணீரே வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சீமையில், வீடு மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பார்கள். வரும் ஐயா, வரும். வருஷம் முழுக்க மணலாகக் கிடக்கிற ஆறு, ஐப்பசி கார்த்திகையில் மேற்கே மலையில் மழை பிடித்துக்கொண்டால் ஒரே நாளில் கரையோரத்து அடுப்புகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போகும். வராதவரைக்கும் வராது, வந்தால் சொல்லிக்கொண்டு வராது. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகள் மாதிரிதான் எங்கள் ஆறும்.

இதை எழுதச் சொன்னவர்கள் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் இளம் பொறியாளர்கள். இப்போது அவர்கள் கம்ப்யூட்டரிலேயே வெள்ளம் விடுகிறார்கள். திரையில் நீல நிறம் ஏறுகிறது, வீடு அழகாக எழும்புகிறது, யாருடைய காலும் நனைவதில்லை. "மேடம், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். "உங்க காலம்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. பணி ஓய்வுக்குப் போட்ட மாலையின் நார்கூட இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. அதற்குள் எனக்கென்று ஒரு தனிக் காலத்தை ஒதுக்கி அதற்கு வேலியும் போட்டுவிட்டார்கள். சரி, எப்படி டெஸ்ட் செய்தோம் என்று சொல்கிறேன், உட்காருங்கள்.

என் பெயர் நூர்ஜகான். வாப்பா விருதுநகரில் பருப்பு வியாபாரம். நான் டீச்சராக வேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மற்றவர்கள் கட்டியதில் குற்றம் கண்டுபிடிக்கிற குணம். அதனால் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். வகுப்பில் பெண்கள் யார் யார் என்று பார்த்தால் நானும் என் டிபன் பாக்ஸும்தான். படித்து முடித்ததும் சிவகாசியில் ஒரு டிசைன் ஆபீஸில் சேர்ந்தேன். முதல் நாள் போட்ட நாற்காலியிலேயே கடைசி நாள் வரைக்கும் இருந்தேன்.

எங்களுக்கு வந்த ஆர்டரில் முக்கால்வாசி பட்டாசு ஆலை ஷெட்டுகள். விஸ்வநத்தம் பக்கம் பொட்டலில் தள்ளித் தள்ளி நிற்குமே, சின்னச் சின்ன அறைகள், அவை. மற்ற ஊர்களில் கட்டடம் வரைகிறவர்கள் மனிதர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்று யோசிப்பார்கள். நாங்கள் எப்படி வெளியே ஓடுவார்கள் என்றுதான் யோசிப்போம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். எதிரெதிராக இரண்டு வாசல் வேண்டும். வழியில் ஒரு வாளிகூட இருக்கக் கூடாது.

இதைச் சரிபார்ப்பதில் எங்கள் சீஃப் சங்கரலிங்கம் சாருக்கு ஒரு முறை இருந்தது. ஆள் குட்டை, குரல் நெட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் சாத்தூர்ச் சேவு இருக்கும். வரைபடத்தைப் பார்க்கும்போது அளவுகோலைத் தொடவே மாட்டார். தாளை மேஜையில் விரித்து, மூலைக்கு மூலை கனம் வைத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதன்மேல் இரண்டு கால்களாக நிறுத்துவார். "நூர்ஜகானம்மா, நான் இப்ப மருந்து கலக்குற ஆளு. பேரு கருப்பையா. பழைய சோறு சாப்பிட்டு வந்திருக்கேன்" என்று ஆரம்பிப்பார். விரல்கள் அறைக்குள் நடக்கும், உட்காரும், தட்டை எடுக்கும். திடீரென்று "பத்திக்கிருச்சு!" என்று ஒரு கத்து. அடுத்த அறையில் டைப் அடிக்கிறவர் துள்ளி விழுவார். விரல்கள் ஓடும். கதவு சரியான இடத்தில் இருந்தால் வெளியே பாய்ந்து மேஜை விளிம்பில் நின்று மூச்சு வாங்கும். கொஞ்சம் தள்ளியிருந்தால் போச்சு. சுவரில் முட்டி அங்கேயே மல்லாந்து விழும். "கருப்பையா போயிட்டான்" என்பார் சார். "அவனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக." அதற்குமேல் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். சேவுப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டுவார். ஒருத்தனைக் கொன்றுவிட்டு சேவு எப்படி இறங்கும்? தாளைச் சுருட்டிக்கொண்டு போய்த் திரும்பவும் வரைவேன்.

இப்படியே கருப்பையாக்களைக் காப்பாற்றிக்கொண்டு ஓய்வை நெருங்கியிருந்த எனக்குத்தான் மிதக்கும் வீடு வந்து சேர்ந்தது.

இருக்கன்குடிக் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஆற்றங்கரையில் ஒரே ஒரு தெரு. அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர்கள். கோயிலுக்குக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கொரு வியாபாரம். அவர்களில் ஒருத்தி செல்லக்கனி. புருஷன் இல்லை, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள், தனி ஆள். பொங்கல் வைக்க வருகிறவர்களுக்கு அடுப்புக்கல்லை வாடகைக்கு விடுவாள். மூன்று செங்கல் கொடுத்தால் ஒரு அடுப்பு. வாடகைக்கு விட்ட கல்லைக் கூட்டத்துக்குள் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்குகிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதற்கு எங்கள் பாலிடெக்னிக்கில் பாடம் கிடையாது.

வெள்ளம் வருகிற இடம் என்பதால் அந்தத் தெருவையே காலி செய்து, ஆமத்தூரைத் தாண்டி ஒரு பொட்டலில் கட்டிய அடுக்குமாடிக்கு எல்லோரையும் அனுப்புவதாக ஏற்பாடு. தெருக்காரர்கள் மாட்டோம் என்றார்கள். அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை குறுக்கே வந்தது. அதன் அதிகாரி ரகுநாதன், வெள்ளை ஷூ போட்டவர், எங்கள் ஆபீசுக்கே வந்து பேசினார். ஒரே ஒரு வீடு கட்டிக் காட்டுங்கள், அது உண்மையாகவே தண்ணீரில் எழும்பினால் தெரு முழுவதற்கும் அதே வீடு, எழும்பாவிட்டால் எல்லோரும் ஆமத்தூர். மேலிடத்திலும் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த ஒரு வீடு செல்லக்கனிக்கு என்று தெரு கூடி முடிவு செய்தது. அவளிடம் நான் முதல் தடவை பேசப்போனபோது அவள் குழாய் உருட்டுவதை நிறுத்தவேயில்லை.

"மேடம், அங்கன மாடிக்குப் போயி நான் யாருக்கு அடுப்புக்கல்லு குடுக்க? மொட்ட மாடிக்கு வந்தா பொங்கல் வைப்பாக? காகிதக் கட்டு கொண்டாற வண்டியும் அங்கன வராதுங்கான். எனக்கு இங்கன இருக்கணும், அம்புட்டுத்தான். நீங்க கப்பல் கட்டுவீகளோ ரயிலு கட்டுவீகளோ, கட்டுங்க."

அன்றைக்கே எனக்கு அவள்மேல் பயமும் பிரியமும் ஒன்றாக வந்துவிட்டது.

வேலை எளிமையாகத்தான் தெரிந்தது. லேசான சுவர், தகரக் கூரை, பலகைத் தரை. தரைக்குக் கீழே அகலவாய் வைத்த காலி நீலப் பீப்பாய்கள் வரிசையாக. ஆறு காய்ந்து கிடக்கும்போது வீடு செங்கல் மேடையில் உட்கார்ந்திருக்கும். வெள்ளம் வந்தால் பீப்பாய்கள் அதைத் தூக்கும். நான்கு மூலையிலும் நட்ட இரும்புத் தூண்களை வளையங்கள் பிடித்துக்கொண்டிருப்பதால் வீடு நேராக ஏறி நேராக இறங்கும், ஊரைவிட்டுப் போகாது. பீப்பாய்களைச் சோதித்துப் பார்க்கத் தரையில் அங்கங்கே மூடி போட்ட சதுரத் துளைகள்.

முதல் வரைபடத்தை சார் மேஜையில் விரித்தார். விரல்கள் உள்ளே நின்றன. "நான் இப்ப செல்லக்கனி. குழாய் உருட்டிக்கிட்டு இருக்கேன்." கொஞ்சம் உருட்டினார். "ஆத்துல தண்ணி வந்திருச்சு!" விரல்கள் பாய்ந்து எழுந்து, கதவு வழியாக வெளியே ஓடி, மேஜை விளிம்பில் நின்றன. சாருக்கு முகமெல்லாம் திருப்தி. "பொழச்சிக்கிட்டா."

"சார், வெளிய ஓடுனா ஆத்துல விழுந்துருவா" என்றேன்.

விரல்கள் அப்படியே நின்றன.

"இந்த வீட்டுல ஓடக் கூடாது சார். உள்ளயே இருக்கணும். அதுக்குத்தான கட்டுறோம்."

சார் விரல்களை மெதுவாக வீட்டுக்குள் திரும்ப நடத்திக்கொண்டு போய் நடுவில் உட்காரவைத்தார். "ஓடுறதவிட உக்காந்திருக்கதுல்ல கஷ்டமா இருக்கு" என்றார். இத்தனை வருஷமும் ஆட்களை வெளியே விரட்டவே வரைந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

பழக்கம் லேசில் விடுமா? கட்டுகிறபோதும் எதிரெதிராக இரண்டு வாசல், இரண்டும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரிதான் வரைந்திருந்தேன். செல்லக்கனி ஒரு பார்வை பார்த்தாள். "முன்வாசல்ல வர்ற லட்சுமி பின்வாசல்ல போறதுக்கா? அடைங்க மேடம் அத." அடைத்து ஜன்னலாக்கினோம்.

அடுத்தது எடை. வீட்டின் எடையை நான் கணக்குப் போட்டுவிடலாம். வீட்டுக்குள் இருக்கிற சாமான்களின் எடையை யார் சொல்வது? "என்ன இருக்கப்போகுது மேடம், நாலு சட்டி பானை" என்றாள் செல்லக்கனி. சார் நம்பவில்லை. காகித லோடு நிறுக்கிற எடைமேடைக்கு வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்.

வண்டி வந்தது. அல்லாவே, அது வந்த தோரணை! முன்னால் பித்தளை அண்டா, அதற்குள் எவர்சில்வர் குடங்கள், ஒரு பீரோ, இரண்டு கட்டில், வெட் கிரைண்டர். கல்யாணச் சீர் மாதிரி இருந்தது. பின்னாலேயே தெருப் பெண்கள் ஒரு ஷேர் ஆட்டோவில். நான் அண்டாவைத் திருப்பிப் பார்த்தேன். "மு. பேச்சியம்மாள்" என்று பெயர் வெட்டியிருந்தது. குடத்தில் வேறு பெயர், பீரோவில் வேறு பெயர்.

"ஏம்மா, உம் பேரு செல்லக்கனிதான?"

"எடை போடுற இடத்துல நாலு பேரு பாப்பாகள்ல மேடம். வெறும் சட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கவா?" என்றாள். நியாயம்தானே. மொத்தமும் சொந்தக்காரர்களிடம் இரவல். ஆனால் நிஜமாகவே கனமான அடுப்புக்கல் குவியலை மட்டும் கொண்டுவரவில்லை. கேட்டால் அது கடைச் சாமானாம், வீட்டுச் சாமான் இல்லையாம்.

இரவலை இறக்கிவிட்டு நிறுக்கலாம் என்று நான் சொன்னதும் சார் கையமர்த்தினார். "இறக்காதீக. கல்லையும் கொண்டாந்து ஏத்துங்க. நாளைக்கு வெள்ளம்னா அந்தப் பேச்சியம்மா அண்டாவத் தூக்கிக்கிட்டு இந்த வீட்டுக்குத்தான் ஓடிவருவா." அவ்வளவையும் சேர்த்து நிறுத்து, அதற்கும் மேல் ஆட்களுக்கு எடை போட்டு, ஒரு வரிசைப் பீப்பாயைக் கூட்டினோம்.

வீடு எழுந்தது. செல்லக்கனி பால் காய்ச்சிக் குடிபோனாள். அதன்பிறகு நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தோம்.

ஆறு வரவில்லை. அந்த ஐப்பசியும் பொய்த்தது, அதற்கடுத்ததும் பொய்த்தது. மணலுக்கு நடுவே இரும்புத் தூண்களைப் பிடித்துக்கொண்டு ஒரு வீடு வெட்டியாக நின்றது. கோயிலுக்கு வருகிறவர்கள் அதன்முன் நின்று போட்டோ எடுத்தார்கள். பஸ்ஸில் என்னைப் பார்க்கிறவர்கள் "என்ன மேடம், கப்பல் எப்பப் புறப்படுது?" என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக வெள்ளம் வர வேண்டும் என்று துஆ கேட்டுவிட்டு, உடனே பயந்துபோய் அதை வாபஸ் வாங்கினேன்.

கடைசியில் ரகுநாதன் போன் செய்தார். இனிமேல் காத்திருக்க முடியாது, வீடு மிதப்பதை நேரில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்களாம். ஆமத்தூர் மாடிக்கு வெள்ளையடித்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

சார் ஒரு வழி சொன்னார். வீட்டைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, வரப்பு கட்டி, தார்ப்பாய் விரித்து, லாரித் தண்ணீரை விட்டு நிரப்புவது. ஆறு வீட்டுக்கு வராவிட்டால் என்ன, நாம் கொண்டுபோவோம். ஆழ்குழாயில் எடுத்த உப்புத் தண்ணீர் லாரி லாரியாக வந்தது. எங்கள் ஆபீஸில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. சார் வரப்பில் நின்றதே வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

ரகுநாதன் வருவதாகச் சொன்ன நாள் காலையில் முதல் லாரி தண்ணீரைத் திறந்தது. அந்தச் சத்தத்துக்குத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. குடம் குடமாக வந்தார்கள். நான் கத்தினேன். "ஏத்தா, அது வீடு மிதக்கிறதுக்கு! எடுக்காதீக!"

"துணி துவைக்க ரெண்டே குடம் மேடம். வீடு கோவிச்சுக்கிராது."

ஒரு பக்கம் லாரி ஊற்ற, மறுபக்கம் அவர்கள் மொள்ள, பள்ளம் ஒரே மட்டத்தில் நின்றது. சட்டி, பானை, வாளி, குழந்தை குளிப்பாட்டுகிற தொட்டி என்று தெருவில் இருந்த பாத்திரம் எல்லாம் நிறைந்த பிறகுதான் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஏறியது. நான் குறித்துவைத்த கோட்டைத் தொட்டது. அந்த இடத்தில் வீடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு சாண் ஏறியும் வீடு அசையவில்லை.

வரப்பிலிருந்து வாசலுக்குப் போட்டிருந்த பலகை வழியாக உள்ளே ஓடி, தரை மூடியைத் திறந்து, பீப்பாயின் வாயைத் திறந்து கையை விட்டேன். தண்ணீர். அடுத்த பீப்பாய். தண்ணீர். அதற்கடுத்ததும் தண்ணீர். எல்லாம் ஒழுகிவிட்டது, தோற்றுவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாசலில் செல்லக்கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார் பலகைமேல் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து வந்து சேர்ந்தார். பீப்பாயில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்தார். யோசித்தார். வாசலுக்குப் போய்க் குனிந்து பள்ளத்துத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். தூ என்று துப்பினார்.

"நூர்ஜகானம்மா, வெளிய உப்பு. உள்ள நல்ல தண்ணி. உப்புத் தண்ணி ஒழுகி உள்ள வந்து நல்ல தண்ணியா மாறுற மாதிரி நீங்க டிசைன் பண்ணியிருந்தா, வீட்ட விடுங்க, அத வித்துப் பொழச்சிக்குவோம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் செல்லக்கனியைப் பார்த்தோம்.

"ஆமா, நான்தான் ஊத்துனேன்" என்றாள் அவள். "கொழாய்ல தண்ணி வர்ற அன்னைக்கு விட்டா அப்புறம் எப்ப வரும்? இம்புட்டுப் பீப்பாய் கீழ சும்மா கெடக்கு. யாராச்சும் சும்மா விடுவாகளா?"

"காலியா இருக்கணும்னு சொன்னேனே!"

"ஆத்துல தண்ணி வரும்போது காலியா இருக்கணும்னீக. ஆத்துல தண்ணி வந்தா வீட்டுல தண்ணி எதுக்கு? கொட்டிரலாம்னு இருந்தேன்."

அதற்குள் வரப்பிலிருந்து ஒரு குரல்: "மேடம், ஜன்னலோரம் ரெண்டாவது பீப்பாய் எங்களது, அதத் தொட்டுறாதீக." இன்னொரு குரல்: "மூலையில உள்ளது எங்களது!" தெருவே அந்த வீட்டுக்குக் கீழேதான் நல்ல தண்ணீர் சேமித்து வைத்திருந்தது. வெள்ளத்தில் மிதக்க நான் வரைந்த வீட்டைக் கோடைக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் அல்லாமல் வேறெங்கே இது நடக்கும்?

அந்த நேரம் பார்த்து சாருக்கு போன். ரகுநாதன் விருதுநகர் வந்துவிட்டார், எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட இறங்கியிருக்கிறார், சாப்பிட்டதும் புறப்படுகிறாராம். "நல்லா மெதுவாச் சாப்பிடுங்க சார், இன்னொரு செட்டுச் சொல்லுங்க" என்று சார் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"பீப்பாய்த் தண்ணிய மொண்டு வெளிய ஊத்திருவோம்" என்றேன். செல்லக்கனி குறுக்கே வந்து நின்றாள்.

"நல்ல தண்ணிய மண்ணுலயா?"

"ஊத்தலைன்னா வீடு எழும்பாது. எழும்பலைன்னா ஆமத்தூர்தான், எல்லாரும்."

அவள் முகம் மாறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்னாலயா மேடம்? எல்லாரும் போகணுமா?" என்று கேட்டாள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தெருவையே ஏய்க்கிற வாய் அது, அன்றைக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டது. "தண்ணிய எடுத்துட்டா எழும்பும். நான் போட்ட கணக்கு. எழும்பும்" என்றேன்.

அவள் விருட்டென்று எழுந்து வாசலில் நின்று கத்தினாள். "ஏட்டி, எல்லாரும் கொடத்தக் கொண்டாங்க! அவுக அவுக தண்ணிய அவுக அவுக எடுத்துக்கங்க!"

குடங்களில் ஏற்கெனவே உப்புத் தண்ணீர். அதை எங்கே கொட்ட? பள்ளத்தில். காலையில் என் கண்முன்னால் மொண்டுகொண்டு போன தண்ணீரெல்லாம் குடம் குடமாகத் திரும்பி வந்தது. பள்ளம் நான் நினைத்ததற்கும் மேலே ஏறியது. காலிக் குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்து, நல்ல தண்ணீரை மொண்டு நிரப்பிக்கொண்டு போனார்கள். குழாயடிச் சண்டை அப்படியே வீட்டுக்குள் நடந்தது. "எங்க பீப்பாய்ல நீ எதுக்குக் கைய விடுற?" "போன மாசம் நீ ரெண்டு கொடம் கடன் வாங்குனியே, அத எடுக்கேன்." சார் வரப்பில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று குதித்தார், வேப்பமரத்தை விடாமலே.

பீப்பாய்கள் எல்லாம் காலி. நானும் வரப்புக்கு இறங்கிவிட்டேன். வீடு மட்டும் அசையவில்லை. கணக்கைத் திரும்பத் திரும்ப மனசுக்குள் ஓட்டினேன். பிறகு கண்ணைத் திறந்து வீட்டுக்குள் பார்த்தேன். தெருப் பெண்கள் அத்தனை பேரும் நிறைகுடத்தோடு உள்ளேயே நின்று சண்டையை முடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினேன். யார் கேட்கிறார்கள்? செல்லக்கனிதான் விளக்குமாற்றை எடுத்தாள். "சண்டைய வெளிய போயிப் போடுங்கட்டி! வீடு எந்திரிக்கணும்!" ஒவ்வொருத்தியாகப் பலகை வழியாக இறங்கினார்கள். கடைசிப் பெண் கரையில் கால் வைத்ததும் வீட்டுக்குக் கீழே களக் என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் மெல்லத் தூக்கியது, பிறகு மறுபக்கம். வளையங்கள் தூணில் கிறீச்சிட்டு வழுக்கின. பலகை நழுவித் தண்ணீரில் விழுந்தது. விளக்குமாறும் கையுமாகச் செல்லக்கனி வாசலில் நின்றபடியே மேலே ஏறினாள்.

சண்டை நின்றுவிட்டது. ஒருத்தி குலவை போட்டாள், பிறகு எல்லோரும் போட்டார்கள். நான் அழுதேன், மறைக்கவில்லை.

அந்தக் குலவைக்குள்தான் ரகுநாதனின் கார் வந்து நின்றது. இறங்கியவர் முதலில் பார்த்தது, வரப்பு நெடுக நிறைகுடத்தோடு வரிசையாக நின்ற பெண்களை. "இதெல்லாம் என்ன சார்?" என்றார்.

"உங்களுக்குப் பூரணகும்ப மரியாதை" என்றார் சங்கரலிங்கம் சார், கண் இமைக்காமல்.

ரகுநாதன் நெகிழ்ந்துபோய் ஒவ்வொரு குடத்துக்கும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். வீட்டைப் பார்த்தார். அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "மோட்டார் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். மோட்டார் இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லியும் போகும்வரை நம்பவில்லை.

தெரு முழுவதற்கும் வீடுகள் வந்தன. வரைவதற்கு முன்னால் செல்லக்கனி ஆபீசுக்கே வந்து ஒரு நிபந்தனை போட்டாள்: தண்ணீர் வைக்கப் பீப்பாய் வேண்டும், அதைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவில் ஒரு வரிசையைக் குடிதண்ணீருக்கென்று ஒதுக்கி, வேறு நிறம் அடித்து, அந்த எடையையும் கணக்கில் சேர்த்தேன். கனம் நடுவில் இருப்பதால் வீடு முன்னைவிடவும் ஆடாமல் நின்றது. அதுதான் நான் வரைந்த கடைசி வரைபடம். அதற்குப் பிறகு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள்.

நிஜ வெள்ளம் நான் ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது. கார்த்திகையில் விடாமல் கொட்டியது. செல்லக்கனிக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குள் சாரே போன் செய்தார். "நூர்ஜகானம்மா, போயிப் பாத்துட்டு வந்துருவமா? சும்மா தூரத்துல நின்னு." ஆட்டோக்காரர் ஒரு மேட்டில் எங்களை இறக்கிவிட்டு, இதற்குமேல் வரமாட்டேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆற்றுக்கும் தெருவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எங்கும் செம்மண் தண்ணீர். அதன்மேல் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றும் தன் தூண்களைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுகூடச் சாயாமல் நின்றன. ஒரு ஜன்னலுக்கு உள்ளே சேலை காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் புகை வந்தது, சமையல். நானும் சாரும் ஒரே குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அங்கேயிருந்து செல்லக்கனி கையைக் கையை ஆட்டிக் கத்தினாள். எங்களைக் கண்ட சந்தோஷம் என்று நாங்களும் கையை ஆட்டினோம். அவள் இன்னும் பலமாக ஆட்டினாள். நாங்களும் பலமாக ஆட்டினோம்.

"ஆட்டாதீக! பின்னால பாருங்க!"

திரும்பிப் பார்த்தோம். நாங்கள் வந்த ரோடு இல்லை. எங்கோ வாய்க்கால் உடைத்துக்கொண்டு, தண்ணீர் மேட்டைச் சுற்றி வளைத்து, செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சார் என் கையைப் பிடித்தார். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல்முறை. தெருக்காரர்கள் இரண்டு பேர் பீப்பாய்களைக் கட்டிய தெப்பத்தில் வந்து எங்களை மூட்டை ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டு போனார்கள். சார் கண்ணைத் திறக்கவேயில்லை.

செல்லக்கனி வீட்டுக்குள் காய்ந்த தரை, சூடான அடுப்பு. அவள் தலை துவட்டத் துண்டு கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அப்போது சாரின் போன் அடித்தது. சென்னையிலிருந்து ரகுநாதன். சார் தலை துவட்டிக்கொண்டிருந்ததால் செல்லக்கனிதான் எடுத்துப் பேசினாள். அந்தப் பக்கம் அவர் பதறுவது எனக்கும் கேட்டது. அங்கே நிலைமை என்ன, எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள், மீட்க ஆள் அனுப்பவா என்று கேட்டார்.

"ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாக சார்" என்றாள் செல்லக்கனி. "வீட்ட வரைஞ்சவுகதான். ஏத்திக்கிட்டு வந்துட்டோம், பயப்படாதீக."

அவர் மேலும் ஏதோ கேட்டார்.

"நாங்களா?" என்றாள் அவள், இதென்ன கேள்வி என்பதுபோல. "நாங்க வீட்டுலதான இருக்கோம்."